தேசிய ஓய்வூதியத் திட்டம்: இருபது ஆண்டுச் சந்தாதாரர் ஒருவரின் மதிப்பீடு

2006-இல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்த நாள் முதல் நான் தேசிய ஓய்வூதியத் திட்டத்தின் சந்தாதாரர். 2004 ஜனவரி 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கு, முப்படையினர் நீங்கலாக, கடைசி ஊதியத்தின் அடிப்படையில் அரசே வழங்கும் பழைய ஓய்வூதியம் கிடையாது. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் மாதந்தோறும் என்னிடம் பிடிக்கப்படுகிறது. முதலில் அதே அளவு செலுத்திவந்த அரசு, 2019 ஏப்ரல் முதல் 14 சதவீதம் செலுத்துகிறது.

முதலீட்டுச் சேவையாக இதில் பெரிய குறை சொல்வதற்கில்லை. நிதி மேலாண்மைக் கட்டணம் ஆண்டுக்கு 0.1 சதவீதத்தைக்கூட எட்டுவதில்லை. பிரான் எனப்படும் நிரந்தர ஓய்வூதியக் கணக்கு எண் இருந்தால், செலுத்திய பணத்துக்கு ஈடாக நம் பெயரில் சேரும் முதலீட்டு அலகுகளின் (யூனிட்) கணக்கைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால், பிடித்த பணம் கணக்கில் ஏறும் நாள் அலுவலகத்தைப் பொறுத்தது. நான் முன்பு பணியாற்றிய ஓர் அலுவலகத்தில் மூன்று மாதத் தொகை தாமதமாக ஏறியது. அதற்குள் யூனிட் விலை உயர்ந்துவிட்டதால் எனக்குக் குறைவான யூனிட்டுகளே கிடைத்தன.

2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஏறத்தாழ 13 சதவீதம் சரிந்தபோது, மனம் கேட்காமல் கணக்கைத் திறந்து பார்த்தேன். நானாக எதையும் தேர்ந்தெடுக்காததால் என் பணத்தில் 15 சதவீதத்துக்கு மேல் பங்குகளில் போடப்படவில்லை. எஞ்சியதில் பெரும்பகுதி அரசுக் கடன் பத்திரங்களில் இருந்ததால் இழப்பு தாங்கக்கூடியதாகவே இருந்தது. அதே வரம்பினால்தான் பின்னர் சந்தை மீண்டெழுந்தபோது கிடைத்த ஆதாயமும் சிறுத்துப்போனது.

அரசின் பட்ஜெட்டுக்கு இத்திட்டம் என்ன செய்தது என்பதையும் சந்தாதாரர்கள் கவனிக்க வேண்டும். பழைய முறையில் தனி நிதி எதுவும் சேர்க்கப்படாமல், அந்தந்த ஆண்டின் வருவாயிலிருந்தே ஓய்வூதியம் வழங்கப்பட்டது. புதிய முறை வந்த பின், பழைய ஓய்வூதியர்களுக்கும் கொடுத்துக்கொண்டு எங்கள் கணக்கிலும் பணம் போட வேண்டியிருப்பதால், ஒரு தலைமுறைக் காலத்துக்கு அரசுக்கு இரட்டைச் செலவு. ஆனால் 14 சதவீதத்தைச் செலுத்தியதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடுவதால், ஓய்வுபெறும் ஆண்டில் சந்தை சரிந்தால் அந்த இழப்பு பட்ஜெட்டில் வராது. ஓய்வுபெறுபவரின் தலையில்தான் விழும்.

2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் இதைத்தான் திருத்த முயல்கிறது. 25 ஆண்டுப் பணி முடித்தவருக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படை ஊதியத்தில் பாதி உறுதி செய்யப்படுகிறது. அரசின் பங்கு 18.5 சதவீதமாகிறது, அதில் 8.5 சதவீதம் தனிநபர் கணக்கில் சேராமல், இத்திட்டத்தினர் அனைவருக்கும் பொதுவான தொகுப்பு நிதிக்குச் செல்கிறது. அந்த நிதியின் முதலீடு போதிய வருவாய் தராவிட்டால் பற்றாக்குறையைக் கருவூலம்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கும் என்பதால், அதன் மதிப்பீட்டு அறிக்கை ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டுடன் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது என் கோரிக்கை.

முதலீட்டுச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். ஓய்வூதியம் என்ற வகையில் இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. சேமிப்பில் 40 சதவீதத்தைக் கொண்டு ஆண்டுத்தொகைத் திட்டம் (மொத்தத் தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து மாத வருமானம் பெறும் திட்டம்) வாங்கி ஓய்வுபெற்ற மூத்த தோழி ஒருவர், தமக்கு வரும் மாதத் தொகையை என்னிடம் காட்டினார். அதில் விலைவாசி உயர்வுக்கேற்பக் கூட்டித்தரும் அகவிலை நிவாரணம் என்ற பேச்சே இல்லை.