புதியது என்று சொல்லி மாட்டப்பட்ட யுஎஸ்டி ஃபோர்க்: முன்பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கை (முன் சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் இரட்டைக் குழாய் அமைப்பை) மாற்றும் எண்ணத்தில் இருப்பவர்கள், கோயம்புத்தூரில் எனக்கு நேர்ந்ததை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டுகிறேன்.

என்னிடம் இருப்பது 2019ஆம் ஆண்டு ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. அதன் 35 மி.மீ. ஃபோர்க், பிரேக் பிடிக்கும்போது மிகவும் அமுங்குவதாகத் தோன்றியதால், கேடிஎம் வண்டிகளில் வரும் 43 மி.மீ. யுஎஸ்டி (அப்சைட் டவுன், அதாவது தலைகீழாக அமைந்த) ஃபோர்க்கைப் பொருத்தித் தருவதாகச் சொன்ன ஒரு கடையை அணுகினேன். செட் புத்தம் புதியது என்றும், கூலியும் சேர்த்து 38,000 ரூபாய் ஆகும் என்றும் கடைக்காரர் சொன்னார். பெட்டியைக் காட்டச் சொல்லாமலே 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். நான் செய்த பெரிய பிழை அதுதான்.

நான்கு நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனபோது, மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு, அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பில் கோளாறு என்று காட்டும் விளக்கு, அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஓட ஓட அணைந்துவிடும் என்றார்கள். பில் கேட்டதற்கு, ‘முன் ஷாக் செட்’ என்று மட்டும் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு வந்தது. அதில் பாகத்தின் எண்ணும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. கழற்றிய பழைய ஃபோர்க்கைக் கேட்டபோது, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது இன்றுவரை என் கைக்கு வரவில்லை.

மூன்றாவது வாரம் வால்பாறைக்குச் சென்றேன். ஏறும்போது எதுவும் தெரியவில்லை. ஆழியாறு நோக்கி அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது, முன் பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தால், வலப்பக்க ஃபோர்க் பைப்பிலிருந்து ஆயில் வழிந்து, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் மேல் பரவி, டிஸ்க்கின் விளிம்பில் பளபளத்துக்கொண்டிருந்தது. யுஎஸ்டி அமைப்பில் தடித்த குழாய் மேலேயும் குரோம் பூசிய மெல்லிய பைப் கீழேயும் இருப்பதால், ஆயில் வெளியே கசியாமல் தடுக்கும் சீல் தடித்த குழாயின் அடிவாயில் அமைந்திருக்கும். அது விட்டுப்போனால், உள்ளிருக்கும் ஆயில் தன் எடையாலேயே பைப் வழியாக இறங்கி நேராக பிரேக்கை அடைந்துவிடும். முதல் கியரிலும் பின் பிரேக்கிலுமாக ஊர்ந்து ஆழியாறு வந்து சேர்ந்தேன். அங்கிருந்து ஒரு மினி லாரியில் வண்டியை ஏற்றினேன்.

தெரிந்த லேத் பட்டறை ஒன்றில் ஃபோர்க்கைப் பிரித்தோம். சீல் உரசும் இடத்தில் நகம் தட்டுப்படும் ஆழத்துக்கு ஒரு கீறல் இருந்தது. அதைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்த தடமும் தெரிந்தது. பைப்பை வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள தாங்கியில்) கிடத்தி, வளைவை அளக்கும் டயல் கேஜ் வைத்து உருட்டியபோது, முள் 1.1 மி.மீ. வரை ஆடியது. பல நிறுவனங்களின் சர்வீஸ் மானுவல்கள் இதற்குக் கொடுக்கும் உச்ச வரம்பு 0.2 மி.மீ. மட்டுமே; வளைந்த பைப்பை நிமிர்த்தினால் அது ஆபத்தான அளவுக்கு வலுவிழக்கும் என்பதால் நிமிர்த்தவே கூடாது என்றும் எச்சரிப்பவை உண்டு. விபத்தில் அடிபட்ட வண்டியின் ஃபோர்க்கைப் பெண்டு எடுத்து, புதியது என்று சொல்லி எனக்கு மாட்டியிருக்கிறார்கள். ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் ஆயில் அளவு ஒன்றாக இல்லை. சக்கரத்தின் வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சாரோ, சக்கரத்தோடு சுழலும் வளையத்தை விட்டு விலகி, ஒரு பிளாஸ்டிக் டேக்கால் கட்டப்பட்டிருந்தது. பண விஷயத்தில் ஏமாற்றியதையாவது நான் பொறுத்துக்கொள்வேன். அணையாத அந்த விளக்கின் பொருள் தெரிந்திருந்தும் என்னை ஓட்டிப் போகச் சொன்னதைப் பொறுக்க முடியவில்லை.

படங்களுடன் கடைக்குச் சென்றபோது, மலையில் முரட்டுத்தனமாக ஓட்டியதால் வளைந்திருக்கும் என்று பதில் வந்தது. விழாத வண்டியில், தேய்த்து மறைத்த கீறல் எப்படி வந்தது என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

எனவே, யாரிடம் வாங்கினாலும், மாட்டும் முன்பே பைப்பை ஒரு தட்டையான கண்ணாடிப் பலகையில் உங்கள் கண்ணெதிரே உருட்டச் சொல்லுங்கள். அடியில் வெளிச்சம் விட்டுவிட்டுத் தெரிந்தால் வாங்காதீர்கள். பாகத்தின் எண்ணும், புதியதா பழையதா என்பதும் பில்லில் எழுத்தில் வர வேண்டும். பழைய ஃபோர்க்கை அன்றைக்கே கையோடு எடுத்து வந்துவிடுங்கள். ஏபிஎஸ் விளக்கு எரியும் வண்டியை எந்தச் சமாதானம் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

இப்போது கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழையபடி 35 மி.மீ. ஃபோர்க்கே புதிதாகப் பொருத்தியிருக்கிறேன். புது ஸ்பிரிங்கும் சரியான அளவு ஃபோர்க் ஆயிலும் போட்டிருந்தாலே அந்த அமுக்கம் பெருமளவு குறைந்திருக்கும் என்று அங்கிருந்த மெக்கானிக் சொன்னார். ஓட்டிப் பார்த்ததில் அது உண்மை என்று தெரிந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்கிறேன். அங்கே இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வளைந்த பைப், துண்டுச்சீட்டு, டயல் கேஜ் முள் ஆடுவதைக் காட்டும் காணொளி ஆகிய மூன்றையும் சான்றாக வைத்திருக்கிறேன்.