கல்யாண கேசட்டை டிவிடியாக மாற்றக் கொடுக்கப் போகிறீர்களா? ஒரு நிமிஷம்

பழைய வீடியோ கேசட்டை டிவிடியாக மாற்றித் தருகிறோம் என்று போர்டு மாட்டியிருக்கும் கடைக்குப் போகிறவர்கள், விலை பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரு டிஸ்க்கில் எத்தனை நிமிஷம் ஏற்றுவீர்கள்? இதற்கு நேரான பதில் வரவில்லையென்றால் கேசட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பி வந்துவிடுங்கள். நான் ஏமாந்த கடையின் பெயரைப் போடவில்லை, புகார் ஓடிக்கொண்டிருக்கிறது. மதுரைக்குள்தான் என்பது வரைக்கும் சொல்லலாம்.

அக்கா கல்யாணம் 2005-ல் நடந்தது. மினிடிவி (MiniDV, சின்ன டிஜிட்டல் கேசட்) கேமராவில் எடுத்தார்கள், ஒரு மணி நேர கேசட் ஆறு. வீடியோக்காரர்கள் அந்தக் கேசட்டையே அடுத்த முகூர்த்தத்துக்கும் போட்டு எடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லி, அம்மா தனியாகக் காசு கொடுத்து ஆறையும் வாங்கி பீரோவில் வைத்துவிட்டார். எடிட் பண்ணிக் கொடுத்த விசிடி எல்லாம் எப்போதோ கீறல் விழுந்து போய்விட்டது, மிச்சம் இருந்தது இந்தக் கேசட்டுகள்தான்.

கடையில் பேசியது இது: கேசட்டுக்கு 400 ரூபாய், ஒரு கேசட்டுக்கு ஒரு டிவிடி, அதில் இரண்டு செட். கூடவே ஹார்ட் டிஸ்க்கில் "ஃபுல் ஹெச்டி" ஆக்கித் தர 1500 ரூபாய். "ஒரிஜினல் குவாலிட்டி அப்படியே இருக்கும் சார், நான் கேரண்டி" என்றார் கடைக்காரர். மொத்தம் 3900, முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்.

வாங்கப் போனபோது இரண்டு செட் என்று இரண்டே இரண்டு டிஸ்க்கைக் கையில் கொடுத்தார். ஆறு மணி நேரமும் ஒரே டிஸ்க்கில், அதில் ஒரு காப்பி. மீதி எங்கே என்று கேட்டதற்கு, "எல்லாத்தையும் ஒரே டிஸ்க்ல அடக்கிட்டோம் சார், மாத்தி மாத்திப் போட வேண்டாம்ல, உங்களுக்குத்தான் வசதி" என்கிறார். பில்லை எடுத்துக் காட்டினால் "6 கேசட் கன்வர்ஷன்" என்றுதான் இருக்கிறது, டிஸ்க் எத்தனை என்று எங்கேயும் இல்லை. "கேசட் கணக்குக்குத்தான் சார் காசு" என்று முடித்துவிட்டார்.

வீட்டில் போட்டுப் பார்த்தால் அம்மா முதலில் கேட்டது, "யாருடா இது?" அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். மணவறை முழுக்கச் சதுரம் சதுரமாக உடைகிறது, ஃபோட்டோகிராபர் ஒவ்வொரு தடவை ஃப்ளாஷ் அடிக்கும்போதும் திரையே கட்டம் போட்ட துணி மாதிரி ஆகி அப்புறம் மெதுவாகத் தேறி வருகிறது. பட்டுச் சேலையின் ஜரிகை வெறும் மஞ்சள் தீற்றல். யாராவது வேகமாகக் கையை ஆட்டினால் கை இருக்கும் இடத்தில் புகை.

ஏன் இப்படி ஆகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களைச் சுற்றலில் விட முடியாது. சாதாரண டிவிடி 4.7 ஜிபி. (கம்ப்யூட்டரில் போட்டால் 4.37 என்று காட்டும். அது ஏமாற்று இல்லை, டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024-ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.) இந்த 4.7 ஜிபியை நொடிக் கணக்கில் பிரித்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் மட்டும் ஏற்றினால் நொடிக்குக் கிட்டத்தட்ட 10 மெகாபிட் (எட்டு மெகாபிட் ஒரு எம்பி) கிடைக்கும். டிவிடியில் படத்துக்கு அனுமதித்த உச்சமே 9.8 மெகாபிட்தான், ஆக ஒரு கேசட்டுக்கு ஒரு டிஸ்க் என்றால் டிவிடி தரக்கூடிய முழுத் தரமும் கிடைத்துவிடும். இரண்டு மணி நேரம் என்றால் 5 மெகாபிட் சொச்சம், அதுவும் பரவாயில்லை, கடையில் விற்கும் சினிமா டிவிடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு உறுத்தாது. ஆறு மணி நேரத்தைத் திணித்தால்? சத்தத்தையும் சேர்த்து நொடிக்கு 1.7 மெகாபிட். அந்தக் கால விசிடியே படத்துக்கு மட்டும் 1.15 மெகாபிட் வைத்திருந்தது. ஒரு படி அரிசியைப் பொங்கி ஆறு பந்திக்குப் பரிமாறியிருக்கிறார்கள்.

"கேசட்ல இருந்து எடுத்தா ஃபைல் பெருசு சார், டிவிடில ஏறாது" என்று கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. மினிடிவி கேசட் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி வரும், ஆறுக்கும் சேர்த்து 78 ஜிபி. அதைச் சுருக்காமல் டிவிடி ஆக்க முடியாதுதான். ஆனால் அதற்குத்தான் ஆறு டிஸ்க் என்று பேசினோம். இரட்டை அடுக்கு டிஸ்க் 8.5 ஜிபி, அதில் போட்டிருந்தால்கூட இரண்டு மணி நேரம் வீதம் மூன்று டிஸ்க்கில் ஜோராக அடங்கியிருக்கும்.

உண்மையில் அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கடைப் பையன் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். கேமராவிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை எடுத்து டிவிடி ரெக்கார்டரில் செருகி, ஆறு மணி நேர மோடில் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்ப்பார்களாம். இந்த ரெக்கார்டர்களில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், நாலு, ஆறு என்று மோடு இருக்கும், நேரம் கூடக்கூட படத்தின் அளவையும் குறைத்துவிடும். கேசட்டில் 720-க்கு 576 புள்ளியில் இருந்த படம் எங்கள் டிஸ்க்கில் 352-க்கு 288. நாலில் ஒரு பங்குக்கும் சற்றே குறைவு, அவ்வளவுதான் மிஞ்சியது.

ஹார்ட் டிஸ்க் கதை இதைவிட மோசம். உள்ளே 1920-க்கு 1080 என்று பெரிய பெரிய எம்பி4 ஃபைல்கள். அளவைப் பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள். திறந்தால் டிவிடியில் இருக்கும் அதே சதுரங்கள், இன்னும் பெரிதாக. உடைந்துபோன அந்த டிவிடியையே எடுத்து இழுத்துப் பெரிதாக்கி ஹெச்டி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய டிவி அளவில் எடுத்த படத்தை அகலத் திரைக்கு இழுத்ததில் அத்தான் முதல் நாதஸ்வரக்காரர் வரை எல்லாரும் ஒரு சுற்றுப் பெருத்துப் போயிருக்கிறார்கள். சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், நாங்கள் கேட்காமலேயே தாலி கட்டும் இடத்தில் கெட்டிமேளத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். அந்த இடத்தில் எங்கள் அப்பத்தா போடும் குலவை இருக்கிறது. அப்பத்தா இப்போது இல்லை, அவர் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. குலவை கேட்கிற டிஸ்க்கில் அப்பத்தா முகம் தெரியவில்லை, ஹார்ட் டிஸ்க்கில் இரண்டுமே இல்லை.

உங்களுக்குக் கொடுத்ததைச் சோதிக்க ரொம்பப் படித்திருக்க வேண்டியதில்லை. விஎல்சி பிளேயரில் படத்தை ஓடவிட்டு டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்தால் படத்தின் அளவு வந்துவிடும். அங்கே 720-க்கு 576 இல்லையென்றால் கடையிலேயே நின்று கேளுங்கள். மீடியாஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதையும் காட்டிவிடும். லேப்டாப்பை எடுத்துக்கொண்டே போங்கள், பார்த்த பிறகு மிச்சப் பணம் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பில்லில் டிஸ்க் எண்ணிக்கையும் டிஸ்க்குக்கு எத்தனை நிமிஷம் என்பதும் எழுதி வாங்குங்கள், வாயால் சொன்ன கேரண்டிக்கு ஒரு மதிப்பும் இல்லை. மினிடிவி என்றால் ஃபயர்வயர் கேபிளில் (கேசட்டில் இருப்பதை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் கேபிள்) ஏற்றிய மூல ஃபைல்தான் வேண்டும் என்று கேளுங்கள். மணிக்கு 13 ஜிபி வந்தால் சரியாக ஏற்றியிருக்கிறார்கள், ரெண்டு ஜிபி மூன்று ஜிபி என்றால் எங்கேயோ சுருக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். "பென்டிரைவ்ல நாலு ஜிபிக்கு மேல ஏறாது சார்" என்பதையும் நம்பாதீர்கள், பென்டிரைவை ஃபேட்32 (FAT32) என்ற பழைய முறையில் ஃபார்மட் செய்திருந்தால் ஒரு ஃபைல் நாலு ஜிபியைத் தாண்டாது, எக்ஸ்ஃபேட் (exFAT) முறைக்கு மாற்றினால் தீர்ந்தது. முக்கியமாக, வேலை முடிந்ததும் கேசட்டை எண்ணி வாங்குங்கள். "இனிமே இது எதுக்கு சார், நாங்களே போட்டுடறோம்" என்று என்னிடமும் சொன்னார்கள். கொடுத்திருந்தால் இப்போது மறுபடி ஏற்ற ஒன்றும் இருந்திருக்காது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். சரிவரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். புகார் போனதும் கடைக்காரர் கூப்பிட்டு, ஹெச்டிக்கு வாங்கிய 1500-ஐத் திருப்பித் தருகிறேன், அதோடு விட்டுவிடுங்கள் என்றார். கேசட்டுக்கு வாங்கிய 2400-க்கும் பதில் சொல்லுங்கள் என்றதும் லைனைத் துண்டித்துவிட்டார்.

நண்பன் ஒருவனின் பழைய கேமராவையும் ஃபயர்வயர் இருக்கும் ஒரு பழைய லேப்டாப்பையும் வைத்து ஐந்து கேசட்டை ஏற்றிவிட்டோம், படம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. நாலாவது கேசட்டைத்தான் அந்தக் கடை மெஷினில் சிக்கவைத்து டேப்பைக் கசக்கிக் கொடுத்திருக்கிறார்கள், தாலி கட்டுவது அதில்தான் வருகிறது. கசங்கிய மினிடிவி டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றி ஓட்டத் தெரிந்தவர் மதுரை, திண்டுக்கல் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் கொண்டு வருகிறேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.