காபி மேசையா, பூங்கா நடையா, பேருந்தின் ஜன்னல் சீட்டா? வேற்றினத்தவருடன் டேட்டிங் போகும் பெண்ணுக்கு எது தேவலை

"பில் சேர்த்தா, தனித்தனியா?" என்று பரிமாறியவர் கேட்டார். கேள்வியில் தப்பில்லை. ஆனால் எங்களுக்கு முந்தைய மேசையிலும் அடுத்த மேசையிலும் ஜோடிகள்தான் இருந்தார்கள். அவர்களிடம் இதைக் கேட்கவில்லை, கேட்காமலே ஒரே பில் போனது. என் நிறம் ஒன்று, எதிரே இருந்தவரின் நிறம் வேறு. அதனால் இவர்கள் சேர்ந்து வந்தவர்களாக இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அன்றைய பில் சின்னது. வீடு வரைக்கும் மனதில் ஓடியது அந்தக் கேள்விதான். அதற்கப்புறம், செலவில்லாமல் எங்கே போகலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் டிக்கெட் விலையை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன். எத்தனை கண்கள் நம்மேல் விழும், பேச்சு எந்தப் பக்கம் சாயும், பிடிக்கவில்லை என்றால் யார் தயவும் இல்லாமல் கிளம்ப முடியுமா? இந்த மூன்றும்தான் முதலில். நகரத்தில் கையைக் கடிக்காத இடங்களுக்குப் பஞ்சமில்லை. இந்த மூன்றிலும் தேறுகிற இடங்கள்தான் குறைவு.

காபி மேசையில் தொடங்குவோம், பெரும்பாலோர் அங்கேதான் தொடங்குகிறார்கள். நல்ல காரணம் உண்டு: நாலு பேர் இருக்கும் இடம், கோப்பை காலியானால் எழுந்துவிடலாம், நாற்பது நிமிடத்துக்கு மேல் யாரும் யாருக்கும் கடன்பட்டதில்லை. சிக்கல் அந்த மேசையிலேயே இருக்கிறது. எதிரெதிரே உட்கார்ந்ததும் சந்திப்பு நேர்காணல் மாதிரி ஆகிவிடும். அதிலும் இருவர் வெவ்வேறு இனம் என்றால் முதல் அரைமணி நேரம் பூகோள வகுப்பு. உங்கள் பக்கம் கல்யாணம் எப்படி, வீட்டில் என்ன மொழி, இந்தப் பெயருக்கு என்ன அர்த்தம்? முதல் கேள்வி ஆர்வம், இரண்டாவதும் ஆர்வம்தான். ஆறாவது கேள்வி வரும்போது ஒரு நாட்டின் தூதரை உட்கார வைத்து விசாரிப்பதுபோல் ஆகிவிடுகிறது. அவர் கெட்டவர் என்பதில்லை. பார்க்க வேறெதுவும் இல்லாதபோது அவர் உங்கள் முகத்தைத்தானே பார்க்க முடியும்.

பூங்காவில் இது தானாகவே சரியாகிவிடுகிறது. பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறோம், பார்வை முன்னால் போகிறது. பேச்சு நின்றால் அது மௌனம் என்றுகூடத் தெரியாது, நடை என்றுதான் தெரியும். நாய் ஒன்று குறுக்கே ஓடினால் அதுவே அடுத்த பேச்சு. பிறர் பார்வையிலும் வித்தியாசம் இருக்கிறது, இதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். நடந்துபோகும் ஜோடியை எதிரே வருபவர் இரண்டு நொடி பார்ப்பார், அதற்குள் கடந்துவிடுவார். அதே ஜோடி பெஞ்சில் உட்கார்ந்தால் பொருட்காட்சிதான். போகிறவர் வருகிறவர் எல்லாம் கண்ணால் ஒரு கணக்குப் போட்டுவிட்டுத்தான் போவார்கள். அதனால் வெளியே போகத் தொடங்கிய புதிதில் நடங்கள், பெஞ்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெஞ்ச் என்றதும் ஒன்று. இலவசம் என்று நாம் நினைக்கிற பூங்கா எல்லோருக்கும் எப்போதும் இலவசமாக இருந்ததில்லை. தென்னாப்பிரிக்காவில் 1953இல் வந்த ஒரு சட்டம் பொது இடங்களையும் பேருந்துகளையும் இனவாரியாகப் பிரித்தது. பெஞ்சுகளில்கூட 'வெள்ளையருக்கு மட்டும்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அது 1990இல்தான் ரத்தானது. வெள்ளையர் வேறு இனத்தவரை மணப்பதற்கு 1949இல் போட்ட தடை 1985 வரை இருந்தது. நினைவு தெரிந்த நாளில் இதையெல்லாம் பார்த்தவர்கள் இன்றும் பூங்காக்களில் நடந்துகொண்டிருக்கிறார்கள். நம்மை உற்றுப் பார்க்கும் எல்லாப் பார்வையும் வெறுப்பு அல்ல. சிலருக்கு அது பழைய ஞாபகமாகவும் இருக்கலாம்.

பூங்காவின் குறை இருட்டு. மாலை வெளிச்சம் போவதற்குள் வாசலுக்கு வந்துவிடுகிற மாதிரி நேரம் வையுங்கள். எத்தனை வாசல், எது எந்தத் தெருவில் திறக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைப்பது கோழைத்தனம் இல்லை.

இலவச அருங்காட்சியகம் பூங்காவுக்கு நேர்ப் போட்டி, என் தராசில் அதைவிட ஒரு படி மேலே. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்குக் கட்டணம் கிடையாது. லண்டனின் தேசிய அருங்காட்சியகங்களில் நிரந்தரக் காட்சிகள் 2001 முதல் எல்லோருக்கும் இலவசம். கட்டணம் வாங்கும் இடங்களிலும் மாதத்தில் ஒரு நாளோ ஒரு மாலையோ சும்மா விடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. வெயிலும் இல்லை மழையும் இல்லை, வெளிச்சம் இருக்கிறது, காவலர் இருக்கிறார், கழிப்பறை இருக்கிறது. கழிப்பறையை ஆண்கள் எழுதும் டேட்டிங் பட்டியல்களில் நான் பார்த்ததே இல்லை.

ஆனால் எனக்குப் பிடித்த காரணம் வேறு. பார்ப்பதற்கு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அந்த மூன்றாவது பொருள் சில சமயம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். 1897இல் பிரிட்டிஷ் படை, இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் நகரத்திலிருந்து அள்ளிவந்த வெண்கலச் சிற்பங்கள் பல நாட்டு அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் நிற்கின்றன. அப்படி ஒரு பெட்டியின் முன்னால் நின்று, "நல்லவேளை, இங்கேயாவது பத்திரமாக இருக்கிறது" என்று சொல்கிறவரும் உண்டு, விவரப் பலகையை இரண்டு தடவை படித்துவிட்டு எதுவும் பேசாமல் நிற்கிறவரும் உண்டு. பத்துக் காபியில் தெரியாதது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். உங்களுக்கும்தான் பரீட்சை. அவருடைய முன்னோர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதை அவரும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

சினிமா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டியலிலேயே அதிகச் செலவு அதற்குத்தான், இரண்டரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்துவிட்டு ஒருவரைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வெளியே வருகிறோம். யாரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள் என்ற ஒரே நிம்மதிக்காகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். புரிகிறது. ஆனால் ஒளிவதற்குக் காசு கொடுப்பானேன்?

ஜன்னல் சீட்டுதான் யாரும் சொல்லாத யோசனை. ஒரு நாள் பாஸ் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவது. லக்ஸம்பர்க்கில் 2020 முதல் நாடு முழுக்கப் பொதுப் போக்குவரத்துக்குக் கட்டணமே இல்லை, அங்கே இது முழு ஓசிப் பயணம். மற்ற ஊர்களிலும் ஒரு வேளைச் சாப்பாட்டைவிட மலிவாகத்தான் முடியும். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிறோம், ஜன்னலில் ஊர் ஓடுகிறது, எந்த நிறுத்தத்திலும் இறங்கிக்கொள்ளலாம். வரைபடம் சொல்லாத ஒன்றையும் அது சொல்லிவிடும்: எந்த இனத்தவர் எங்கே வாழ்கிறார்கள், எந்தத் தெருவோடு ஒரு மாதிரி முகங்கள் முடிந்து வேறு மாதிரி முகங்கள் தொடங்குகின்றன. பேருந்து அப்படி ஒரு எல்லையைத் தாண்டும்போது பக்கத்தில் இருப்பவரைக் கவனியுங்கள். கையை எடுத்துக்கொள்கிறாரா, குரலைத் தாழ்த்துகிறாரா, இல்லை அப்படியே இருக்கிறாரா? நான் ஒருமுறை என் கை தானாக விலகியதைப் பார்த்து வெட்கப்பட்டேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை. அலுவலகம் விடும் நேரத்தில் மட்டும் போகாதீர்கள். நெரிசலில் எந்தப் பேச்சும் எடுபடாது.

சரி, இதெல்லாம் அமைதியான வகை. ஆட்டம் பாட்டத்துக்கு ஆதரவாக ஆய்வாளர்கள் கொஞ்சம் பேசியிருக்கிறார்கள். 1974இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஏரன் என்ற இருவர் கனடாவின் கேப்பிலானோ தொங்குபாலத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆடும் பாலத்தைக் கடந்து வந்து, பெண் ஆய்வாளர் ஒருவரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்ட ஆண்களில் பாதிப்பேர் பின்னர் அவரை அழைத்தார்கள். உறுதியான பாலத்தைக் கடந்து எண்ணை வாங்கியவர்களில் அழைத்தது எட்டில் ஒருவர். பயத்தில் அடித்த நெஞ்சை ஆசை என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது விளக்கம். ஆட்கள் ரொம்பக் குறைவு, அதனால் இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னைக் கேட்டால் 2000இல் ஏரன் குழுவினர் வெளியிட்ட சோதனைதான் உபயோகமானது. தம்பதிகளின் மணிக்கட்டையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, ஒரு உருளைத் தலையணையைக் கையால் பிடிக்காமல் மெத்தை விரிப்பின்மேல் தவழ்ந்து கொண்டுபோகச் சொன்னார்கள். இந்தக் கூத்தை அடித்தவர்களுக்கு, சாதுவான வேலை கொடுக்கப்பட்டவர்களைவிடத் தங்கள் உறவின்மேல் திருப்தி கூடியது. புதிதாக, கொஞ்சம் அசட்டுத்தனமாக ஏதாவது சேர்ந்து செய்தாலே போதும், செலவே இல்லை.

வேற்றின ஜோடிக்கு இதில் கூடுதலாக ஒரு லாபம் உண்டு. இருவருக்கும் தெரியாத ஒன்றைக் கற்றுக்கொள்ளும்போது யாரும் யாருக்கும் வழிகாட்டி இல்லை. சமூகக்கூடத்தில் நடக்கும் இலவச நடன வகுப்பில் இரண்டு பேருமே தப்பான காலைத்தான் எடுத்து வைப்பார்கள். 1947இல் லண்டனில் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளையின அலுவலகப் பணியாளர், லண்டன் மிஷனரி சங்கம் நடத்திய ஒரு நடன மாலையில்தான் ஆப்பிரிக்க அரச குடும்பத்து மாணவர் செரெட்சே காமாவைச் சந்தித்தார். இருவருக்கும் ஜாஸ் பிடித்திருந்தது. அடுத்த வருடம் கல்யாணம், இரண்டு அரசுகள் அதை எதிர்த்தன, நாடுகடத்தலும் வந்தது. 1966இல் அவர் போட்ஸ்வானாவின் முதல் அதிபர், இவர் அதிபரின் மனைவி. தொடங்கியது சங்கம் நடத்திய ஒரு நடனக் கூடத்தில்.

இனி உண்மையான போட்டி. அவர் பேட்டையா, உங்கள் பேட்டையா, இரண்டுக்கும் பொதுவான இடமா? அவருடைய இனத்தவர் நடத்தும் தெருத் திருவிழாவுக்கு அழைத்துப் போனால் செலவில்லை, கொண்டாட்டமும் உண்டு. ஆனால் நீங்கள் ஒருவர்தான் அங்கே வேற்று முகம், அவருக்கோ இருபது அத்தைகள். எல்லோரும் அன்பாகத்தான் இருப்பார்கள், அதுவே அலுத்துப்போகும். உங்கள் பேட்டைக்கு அவரைக் கூட்டிவந்தால் கதை தலைகீழ். கேள்வி அவருக்கு வராது, மறுநாள் உங்களுக்குத்தான் வரும். பெண் என்பதால் இரண்டு மடங்காக வரும். அதனால் முதல் நாலைந்து தடவை பொது இடம், அப்புறம் முறை வைத்து இரண்டு பக்கமும். எப்போதும் பொது இடத்திலேயே வைத்திருக்கிறார், மாதங்கள் போயும் அவர் ஆட்கள் ஒருவரையும் கண்ணில் காட்டவில்லை என்றால், அதைச் சிக்கனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நகரமே ஒரு பெரிய பொது இடம் என்பார்கள். ஓரளவு சரி. அமெரிக்காவில் 2015இல் புதிதாக மணமானவர்களில் 17 சதவீதம் பேர் வேறு இனத்தவரையோ வேறு மரபினரையோ மணந்திருந்தார்கள், 1967இல் அது 3 சதவீதம். பெருநகரங்களில் 18, வெளியே 11 என்று பியூ ஆய்வு மையம் கணக்குக் காட்டியது. ஆனால் 1967இல் அந்த நாட்டின் வேற்றின மணத் தடைச் சட்டங்களைச் செல்லாததாக்கிய வழக்கின் நாயகி மில்ட்ரெட் லவ்விங்குக்கு நகரம் பிடிக்கவே இல்லை. வெள்ளையரை மணந்ததற்காக வர்ஜீனியாவை விட்டு வெளியேற்றப்பட்டு, வாஷிங்டனில் பிள்ளைகளோடு நெருக்கியடித்து வாழ்ந்தார். சொந்தக் கிராமத்துக்குத் திரும்பத்தான் அவர் போராடினார். நகரம் கூட்டத்தில் நம்மை மறைக்கும். எல்லோருக்கும் மறைந்து வாழவா ஆசை?

வீட்டில் சேர்ந்து சமைப்பதை எல்லாப் பட்டியலிலும் முதலில் போடுகிறார்கள், பார்ப்பதற்கு எல்லாவற்றையும்விட மலிவு. எனக்கு அது கடைசி. முறைத்துப் பார்க்க யாரும் இல்லை என்பது உண்மை, கூப்பிட்ட குரலுக்கு வரவும் யாரும் இல்லை. நம்பிக்கை வந்த பிறகு அதைவிட நல்ல மாலை கிடையாது. அதற்கு முன்னால் சிக்கனத்தைக் காரணம் காட்டி யாராவது வீட்டுக்கு அவசரப்படுத்தினால், காபி என் செலவு என்று சொல்லிவிடுங்கள். திரும்பிவரும் கட்டணம் எப்போதும் உங்கள் பையில் தனியாக இருக்கட்டும், எங்கே போகிறீர்கள் என்று ஒரு தோழிக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஒரு பேருந்துப் பயணத்தில் நாங்கள் கடைசி நிறுத்தத்தில் விளக்குக்கம்பத்தின் கீழ் நின்று படம் எடுத்தோம். முதல் படத்தில் அவர் முகம் மட்டும் இருந்தது, நான் வெறும் பல். படத்தில் நிறம் சரியாக விழுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, கோடாக் நிறுவனம் பல காலம் படக்கூடங்களுக்கு அனுப்பிய 'ஷர்லி அட்டை'யில் வெள்ளைத் தோல் பெண்தான் அளவுகோல், மற்ற நிறங்களும் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது என்று சொல்லிக்கொண்டே வெளிச்சத்தைக் கூட்டினேன். இரண்டாவதில் நான் தெரிந்தேன், அவர் வெள்ளைத் தாளாகிவிட்டார். "இடம் மாறிப் பார்க்கலாமா?" என்றார். நான் விளக்குக்கு அடியிலும் அவர் அரை நிழலிலுமாக நின்று மூன்றாவதை எடுக்கப் போகும்போது பேருந்து கிளம்பும் சத்தம் கேட்டது. ஓடினோம். அந்த மூன்றாவது படத்தில் என் தோளும் பேருந்தின் பின்விளக்கும் மட்டும்தான் இருக்கின்றன.