ஈழப் போருக்குப் பொறுப்பு யார்: பிரிட்டிஷாரா, கொழும்பு ஆட்சியாளர்களா?

வளசரவாக்கத்தில் எங்கள் தெருவில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், 1981இல் எரிக்கப்பட்ட யாழ் பொது நூலகத்தின் உறுப்பினர் அட்டையை, ஓரங்கள் பழுத்துப்போன நிலையிலும், பிளாஸ்டிக் உறையிலிட்டுக் காத்து வருகிறார். இலங்கைப் போரின் வேர் எது என்று அவருடன் பேசும்போதெல்லாம் இரண்டு விடைகளில்தான் வந்து நிற்கிறோம்.

ஒன்று, பிரிட்டிஷாரைப் பொறுப்பாக்குவது. 1833இல் தீவின் தனித்தனி நிர்வாகங்களை ஒன்றாக்கியவர்களும், 1948இல் சிறுபான்மையினருக்கு உறுதியான காப்பின்றி ஆட்சியை ஒப்படைத்துச் சென்றவர்களும் அவர்களே என்பதால், இதில் உண்மை உண்டு.

ஆயினும் கொழும்பு ஆட்சியாளர்களைப் பொறுப்பாக்கும் மற்ற விடையே எனக்கு வலுவாகப் படுகிறது. விடுதலை பெற்ற ஆண்டிலேயே தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழர் பல லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியதும், 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கியதும், தமிழர் பகுதிகளுக்கு ஓரளவு அதிகாரம் தர 1957இல் தமிழர் தலைவர் செல்வநாயகத்துடன் செய்த ஒப்பந்தத்தைப் பிக்குகளின் எதிர்ப்புக்குப் பணிந்து பிரதமர் பண்டாரநாயக்க மறு ஆண்டே கைவிட்டதும் கொழும்பில் எடுக்கப்பட்ட முடிவுகள். 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிய கும்பல்களை எந்த வெள்ளையரும் அனுப்பவில்லை. அதே அளவுகோலின்படி, 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய பொறுப்பு, சொல்லக் கசந்தாலும், புலிகளுடையதே.