புயல் பாய் வாங்கி ஏமாந்தேன்: பாய்ப்படகு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் சின்னமுட்டத்தில் என்னுடைய 26 அடி பாய்ப்படகு நிற்கிறது. துபாயில் பதினோரு வருடம் பாய்ப்படகுகளில் டெக் வேலை பார்த்துவிட்டு, சேர்த்த காசில் பழையதாக வாங்கியது. அதற்குப் புயல் பாய் கட்ட ₹70,000 கொடுத்து ஏமாந்தேன். காசோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். என் மச்சினன் புருவத்தில் ஏழு தையல் போட்டிருக்கிறது. இரண்டு விரல் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் நம் கடலில் செய்ததை மீனவ ஊர்களான தூத்தூருக்கோ வள்ளவிளைக்கோ போய்க் கேட்க வேண்டியதில்லை, மாவட்டம் முழுக்கத் தெரியும். என் படகில் உள்ள எஞ்சின் சின்னது. பெரிய அலையில் விசிறி தண்ணீருக்கு மேலே வந்தால் படகைத் தள்ளாது, டீசலில் அழுக்கு ஏறினால் நின்றுவிடும். அப்போது அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, அலைக்கு ஏற்றபடி திருப்பி வைக்கப் பாய் ஒன்றுதான் துணை. முன்பாயைச் சுருட்டிச் சின்னதாக்கிக் கொள்ளலாமே என்பார்கள். பாதி சுருட்டிய பாய் தொப்பையாகத் தொங்கும், காற்றை நேராகப் பிடிக்காது. சுருட்டும் கயிறு அறுந்தால் பாய் மொத்தமும் விரிந்துவிடும். அதனால் பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும் முன்கம்பிக்கு உள்ளே இன்னொரு கம்பி கட்டி, அதில் கெட்டித் துணியில் தைத்த குட்டிப் பாயை ஏற்றுவது வழக்கம். அதைத்தான் ஸ்டார்ம் ஜிப் என்கிறோம்.

அளவுக்குக் கணக்கு உண்டு. கடலோட்டப் பந்தயங்களுக்கு உள்ள சர்வதேச விதிப்படி, முன்பக்க உயரத்தின் (டெக்கிலிருந்து முன்கம்பி பாய்மரத்தில் சேரும் இடம் வரை) வர்க்கத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. என் படகில் அந்த உயரம் 9 மீட்டர். வர்க்கம் 81, அதில் 5 சதவீதம் என்றால் 4 சதுர மீட்டர். இதை எழுதியே கொடுத்தேன். வெளியூர்ப் பட்டறை ஒன்று, தைத்துக் கொடுத்து ஆள் அனுப்பிக் கட்டியும் தருவதாகச் சொன்னது. பாய்க்கு 48,000, கட்டுவதற்கு 22,000. முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டார்கள், கொடுத்துவிட்டேன்.

மார்ச்சில் பாய் வந்தது. பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், தொட்டால் மொரமொரவென்று கெட்டி. அளந்து பார்த்தேன், கணக்குச் சரி. பாய் தைப்பு எனக்குத் தெரியாது. துபாயில் எல்லாம் தைத்துத் தயாராக வரும், நாங்கள் ஏற்றி இறக்குவோம். கட்ட ஆள் வந்த அன்று அம்மாவைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது எல்லாம் பளபளவென்று முடிந்திருந்தது. உள்ளே பலகையைக் கழற்றிப் பார்க்கவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம். சின்னமுட்டம் கிழக்குப் பக்கம் என்பதால் துறைமுகத்துக்குள் கடல் அடங்கித்தான் இருந்தது. விவேகானந்தர் பாறையைத் தாண்டி மேற்கே திரும்பியதும் கச்சான் என்கிற மேல்காற்று முகத்தில் அறைந்தது. 25 நாட் (மணிக்கு சுமார் 46 கி.மீ.) இருக்கும். சோதித்துப் பார்க்க நல்ல காற்று என்று பெரிய பாய்களை இறக்கிவிட்டு ஆரஞ்சுப் பாயை ஏற்றினோம்.

ஏற்றிய நிமிடத்திலிருந்தே பின்னோரம் படபடவென்று அடித்தது. பெரிய முன்பாய்க்குரிய கப்பி வழியாகவே புயல் பாயின் தாமான் கயிற்றையும் (பின்மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு) விட்டிருந்தார்கள். அது ரொம்பப் பின்னால் இருக்கிறது. அப்படி இழுத்தால் பாயின் அடியோரம் மட்டும் விறைக்கும், பின்னோரம் தளர்ந்து உதறும். கயிறு இன்னும் முன்னால், உள்ளே தள்ளி இறங்க வேண்டும். பாயின் கீழ்மூலையையும் டெக்கோடு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். அலை அடியில் புகுந்து போக அங்கே ஒரு துண்டுக் கயிறு கொடுத்துத் தூக்கி வைக்க வேண்டும். அது இல்லாததால் ஏறி வந்த அலையெல்லாம் பாய்க்குள் விழுந்தது.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை, பின்மூலை பிய்ந்தது. கயிற்றைப் பாயோடு முடிச்சுப் போட்டுக் கட்டாமல் இரும்பு ஷாக்கிளில் (திருகி மூடும் கொளுவியில்) மாட்டியிருந்தார்கள். பாய்க் கிழிசலும் வளையமும் ஷாக்கிளுமாகச் சுழன்று வந்து மச்சினன் முகத்தில் அடித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்க, "அத்தான், ஒண்ணும் தெரியல"ன்னு அவன் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானை அவிழ்த்துப் பாயை இழுத்துப் போட்டுவிட்டு, எஞ்சினில் திரும்பினோம். அன்று எஞ்சின் நிற்கவில்லை, அதனால் கரை சேர்ந்தோம்.

மறுநாள் பெரியப்பாவிடம் பாயைக் கொண்டுபோனேன். கட்டுமரத்துக்குப் பாய் தைத்தவர், எழுபதைத் தாண்டியவர். கிழிந்த மூலையை மடியில் வைத்து நூலை நகத்தால் நெம்பினார். பஞ்சு மாதிரி இற்று வந்தது. "இது சட்டை தைக்குற நூலு மக்கா. மூலையில பாரு, ஒத்தத் துணி. இதுலயா ஓட்டை போட்டு வளையம் அடிச்சிருக்கான்?" என்றார். மூலையில் நாலைந்து மடிப்பு துணி வைத்து, வெயிலுக்கு இற்றுப்போகாத பாலியெஸ்டர் நூலில் வளைத்து வளைத்துத் தைத்து, பெல்ட் நாடாவை வளையத்துக்குள் கொடுத்து இறுக்கியிருக்க வேண்டுமாம். துணியும் பாய்த்துணி இல்லை. லாரிக்கு மூடும் தார்ப்பாய்.

அப்புறம்தான் படகின் உட்பலகையைக் கழற்றினேன். புதுக் கம்பியின் அடிக்கொக்கியை டெக்கில் இரண்டு போல்ட்டில் முடுக்கியிருந்தார்கள், அடியில் தகடு கிடையாது, படகின் உடம்போடு பிணைப்பும் கிடையாது. போல்ட்டைச் சுற்றி டெக் ஒரு விரல் அளவு மேலே உப்பியிருந்தது. மேல்முனையில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பியை அலுமினியக் குழல் போட்டு நசுக்கியிருந்தார்கள். உப்புத்தண்ணீரில் இந்த இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். செம்புக் குழல்தான் போட வேண்டும். மூன்றே மாதத்தில் அதைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பாய் கிழியாமல் தாங்கியிருந்தால் இதில் ஏதோ ஒன்று பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும்.

பட்டறைக்கு போட்டோ அனுப்பினேன். "காற்று அதிகமாக இருக்கும்போது ஏற்றியதால் கிழிந்தது, வாரண்டி வராது" என்று பதில். புயலுக்கென்று விற்ற பாய் அது. மறுபடி போன் செய்தால் எடுப்பதில்லை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தேன், பட்டறை அசையவில்லை. இப்போது நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருந்தது கைகொடுத்தது. மனு நடப்பதால் பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை.

இதே மாதிரி ஆரஞ்சுப் பாய் யாரிடமாவது இருந்தால், அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் மூன்று மூலைகளையும் திருப்பிப் பாருங்கள், ஒரு தையலை நகத்தால் நெம்புங்கள், கொக்கிக்கு அடியில் உட்பலகையைக் கழற்றிப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பாயைச் சின்னமுட்டத்துக்கு எடுத்து வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெரியப்பா படகுத்துறையில்தான் இருப்பார். பார்த்துச் சொல்லக் காசு வாங்க மாட்டார்.