வாயில் குஞ்சு சுமக்கும் மஞ்சள் மீன்: திருத்துறைப்பூண்டி அனுபவம்

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த எலக்ட்ரிக் யெல்லோ என்ற மஞ்சள் தொட்டி மீனை வளர்த்துக் குஞ்சு எடுக்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. இந்த மீனை முட்டையிட வைப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆண் ஒன்று, பெண் நாலைந்து, ஒளிய நிறையக் கல், கடினத் தண்ணீர், அவ்வளவுதான். வேலையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

மலாவி ஏரியின் தண்ணீர் காரத்தன்மை கொண்டது, பி.எச். 8-ஐ ஒட்டி இருக்கும். எங்கள் வீட்டு போர் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரையே வராது, அம்மாவுக்கு அது தீராத எரிச்சல், மீனுக்கோ அதுதான் தோது. கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வருகிறவர்கள் குளோரின் போக ஒரு ராத்திரி வாளியில் வைத்துவிட்டு, ஃபில்டரில் கொஞ்சம் கிளிஞ்சல் போட்டுக்கொண்டால் போதும்.

வாயில் அடைகாப்பதெல்லாம் நம் ஊருக்குப் புதுசு இல்லை. வாய்க்காலில் தூண்டிலுக்கு மாட்டும் ஜிலேபி, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன், அதுவும் இப்படித்தான். யெல்லோவில் பெண் முட்டையிட்டவுடன் வாயில் அள்ளிக்கொள்ளும். ஆணின் பின்துடுப்பில் இருக்கும் முட்டை மாதிரியான புள்ளிகளைக் கொத்தப் போகும்போது விந்து வாய்க்குள் போய் முட்டை கருவுறும். அப்புறம் மூன்று வாரம் பட்டினி. தாடை பை போல இறங்கியிருக்கும், வாய் எதையோ மென்றுகொண்டே இருப்பதுபோல அசையும், உள்ளே முட்டைகளைப் புரட்டுகிறது.

இங்கேதான் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அன்றைக்கே முட்டையைப் பிடுங்கி, காற்றுக் குமிழியால் தண்ணீருக்குள் முட்டையை உருட்டும் கருவியில் போடச் சொல்வார்கள். தாய் இலவசமாகச் செய்கிற வேலைக்கு எதற்குக் காசு? பதினெட்டு நாள் தாயிடமே விட்டுவிடுவேன். அப்போது தொண்டைத் தோலை வெளிச்சத்தில் பார்த்தால் குட்டிக் கண்கள் கறுப்பாகத் தெரியும். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தலைகீழாக, அதே தொட்டித் தண்ணீர் உள்ள பேசினுக்கு மேல் பிடித்து, கீழ்த்தாடையை மெதுவாக இறக்கினால் குஞ்சுகள் கொட்டும். பத்திலிருந்து இருபது வரை எதிர்பார்க்கலாம். முதல் தடவை சுமக்கிற பெண் பாதியில் விழுங்கிவிடுவது சகஜம், அதற்காக மீனை மாற்ற வேண்டாம். குஞ்சு எடுத்தபின் தாயைத் தனியாக வைத்து நன்றாகத் தின்னவிட்டுத்தான் திரும்ப விட வேண்டும், இல்லாவிட்டால் ஆண் துரத்தியே கொன்றுவிடும்.

குஞ்சுகள் பெரிசாகவே பிறப்பதால் தீனி கஷ்டமே இல்லை. மிக்ஸியில் பொடித்த பெல்லட், கை ஒழிந்தால் ஆர்டீமியா என்ற பொடி இறால் குஞ்சு. வேகவைத்த மஞ்சள் கரு போடவே போடாதீர்கள், தண்ணீர் நாறிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டரும் தினம் கொஞ்சம் தண்ணீர் மாற்றுவதும்தான் குஞ்சைக் காப்பாற்றும்.

அடுத்த தலைவலி கரண்ட். 2018 கஜாவில் எங்கள் பக்கம் வாரக்கணக்கில் இருட்டாக இருந்த பிறகு இன்வெர்ட்டர் வாங்கினோம். டிவி ஓடுகிறதோ இல்லையோ, ஏர் பம்ப் அதில்தான் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் தண்ணீர் சூடேறி ஆக்ஸிஜன் குறையும்போது ஒரு மணி நேரம் பம்ப் நின்றாலும் குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளக்கும்.

லாபம் கேட்காதீர்கள், தீனிக் காசு வந்தால் பெரிசு. விற்பதாக இருந்தால் தொட்டியில் வேறு மலாவி மீன் கலக்காதீர்கள். யெல்லோ மற்றதோடு சேர்ந்து கலப்புக் குஞ்சு போட்டுவிடும், கடைக்காரர் ஒரு பார்வையில் கண்டுபிடித்து "மிக்ஸ்தானே தம்பி" என்று பாதி விலைக்குக் கேட்பார்.