மாவு அறைக்குத் தரை: கடப்பாவா, எபாக்ஸி பூச்சா, டைல்ஸா?

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பழைய வீடுகளின் பின்புறம் ஷீட் போட்ட அறை ஒன்று இருக்கும். உடைந்த பீரோ, ஓடாத சைக்கிள், பண்டிகைக்கு மட்டும் எடுக்கிற அண்டா எல்லாம் அங்கேதான் கிடக்கும். அதைக் காலி செய்து இட்லி மாவு அரைத்து விற்கலாம் என்று இறங்குபவர்கள், கிரைண்டர் எத்தனை லிட்டர் என்று நாலு கடையில் விசாரிப்பார்கள். கூரைச் சூட்டுக்கு என்ன வழி என்று பத்துப் பேரிடம் கேட்பார்கள். தரையைப் பற்றி மட்டும் பேச்சே வராது. ஆனால் மாவு அறையில் முதலில் கெடுவது தரைதான். கெட்ட பிறகு, வியாபாரத்தை நிறுத்தாமல் சரிசெய்ய முடியாததும் அதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதைத் துளைக்கவோ, உடைக்கவோ, காய்ந்த நிலையில் சுரண்டவோ கூடாது. மேலே வெள்ளை நிற வெப்பத் தடுப்புப் பெயின்ட், கீழே ஆறு அங்குலம் இடைவெளி விட்டு ஒரு ஃபால்ஸ் சீலிங், சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் என்று வைத்துக்கொண்டால் போதும். மே மாதச் சூட்டில் மாவு பொங்குவதற்கு முன்பே புளித்துவிடும். அதற்கு மருந்து கூரையில் இல்லை. ஐஸ் தண்ணீர் விட்டு அரைப்பதும், சீக்கிரமே ஃபிரிட்ஜுக்கு மாற்றுவதும்தான். வீட்டு மின் இணைப்பில் வியாபாரத்துக்கு அரைக்கக் கூடாது, தனி இணைப்பு வாங்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் பதிவும் வேண்டும். இவை எல்லோரும் சொல்வதுதான்.

இனி தரை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பழைய சிமென்ட் தரை என்று வைத்துக்கொண்டால் கைக்கு எட்டும் வழிகள் மூன்று: கடப்பாக் கல் பதிப்பது, இருக்கிற தரைமேல் எபாக்ஸி (ஹார்டனர் கலந்தால் கல்லாக இறுகும் பிசின்) பூசுவது, நீர் உறிஞ்சாதபடி இறுகச் சுட்ட விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டு எபாக்ஸி கிரவுட்டால், அதாவது எபாக்ஸியில் ஆன இடுக்கு அடைக்கும் கலவையால், ஜாயிண்ட் அடைப்பது. நாங்கள் போட்டது மூன்றாவது. அதன் பக்கம் இந்தக் கட்டுரை சாயும், படிக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சிமென்ட் தரையை அப்படியே விட்டால் என்ன? மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்கள், குறிப்பாக லூகோனோஸ்டாக் மெசென்டராய்டஸ் என்ற பாக்டீரியா, கூடவே லாக்டிக் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. நல்ல மாவின் பி.எச். (புளிப்பை அளக்கும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 அளவுக்கு இறங்கும். கீழே சிந்திய மாவுக்கு ஃபிரிட்ஜ் கிடையாது, ராத்திரி முழுக்கப் புளித்துக்கொண்டே இருக்கும். இந்த அமிலம் சிமென்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் லாக்டேட் ஆகிறது. அது தண்ணீரில் கரையும். ஆக, ஒவ்வொரு முறை கழுவும்போதும் தரையில் ஒரு படலம் கரைந்து சாக்கடைக்குப் போகிறது. கிரைண்டரைச் சாய்த்து ஊற்றும் இடத்துக்கு நேர் கீழேயும், வாளி வைக்கும் இடத்திலும்தான் முதலில் தெரியும்: வழவழப்பு போய் மணல் தட்டும், பிறகு ஜல்லி கண் விழிக்கும். அந்தக் குழிக்குள் மாவு தங்கும், தங்கிய மாவு மேலும் புளிக்கும், குழி பெரிதாகும். எவ்வளவு கழுவினாலும் அறையில் ஒரு புளித்த நாற்றம் நிற்கிறது என்றால் காரணம் இதுதான். அடுத்த நாள் மாவு சீக்கிரம் புளிப்பதற்கும் இந்தக் குழிகளைச் சந்தேகப்படலாம்.

கடப்பாக் கல்லை மேஸ்திரி முதல் ஆளாகச் சிபாரிசு செய்வார். தப்பில்லை; விலை குறைவு, காலுக்குக் குளிர்ச்சி, பெரிய பலகையாக வருவதால் ஜாயிண்ட் குறைவு, பதிக்கத் தெரியாத கொத்தனார் கிடையாது. ஆனால் கடப்பா ஒரு சுண்ணாம்புக் கல். எலுமிச்சம்பழத்தை நறுக்கி அதன்மேல் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்துவிட்டுத் துடைத்துப் பாருங்கள், வெளிறிய வட்டம் நிற்கும். சமையல் மேடையில் அது வெறும் கறை. தினமும் மாவு சிந்தும் தரையில் அதுவே சொரசொரப்பாகி, கல் படலம் படலமாக உரிய வழிவிடும். கோட்டா கல்லும் இதே ஜாதிதான். மார்பிள் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடப்பாவை ஊறவைக்கும் பாத்திரங்கள் அடுக்கும் தட்டுக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கே அது பல வருஷம் உழைக்கும்.

கல்தான் வேண்டும் என்றால் கிரானைட். அமிலம் அதை ஒன்றும் செய்யாது. பளபளப்பான கிரானைட்டில் மாவுத் தண்ணீர் பட்டால் ஆள் வழுக்கி விழுவார், நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய ரகம்தான் வேண்டும். பெரிய பலகையில் வாட்டம் (தண்ணீர் வடியும் சரிவு) கொண்டுவருவது கஷ்டம் என்பதால் சிறு துண்டுகளாக அறுக்க வேண்டும், அப்போது ஜாயிண்ட் குறையும் என்ற லாபமும் போய்விடும். தரைக்கு கிரானைட் போட்ட மாவு அறைகள் எங்கள் கண்ணில் அதிகம் படவில்லை, அதனால் இதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டோம்.

எபாக்ஸி பூச்சுக்கு ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஜாயிண்டே கிடையாது, இரண்டு நாளில் வேலை முடிகிறது, பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி பளிச்சென்று இருக்கும். வடசென்னையில் இதற்கு எதிரி தரைக்கு அடியில் இருக்கிறது. கடலோர மணல் பூமி, நிலத்தடி நீர் மேலே நிற்கிறது, பல தெருக்களில் அது உப்பு நீர். பழைய அறைகளின் தரைக்கடியில் பிளாஸ்டிக் ஷீட் எதுவும் விரித்திருக்க மாட்டார்கள். சுவர் ஓரத்தில் பெயின்ட் பொருக்குத் தட்டி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், ஈரம் கீழிருந்து ஏறுகிறது என்று அர்த்தம். அந்த ஈரம் எபாக்ஸியைத் தாண்டி வெளியே வர முடியாமல் கொப்புளமாகத் தூக்கிவிடும். வாளி உரசி ஒரு கொப்புளம் உடைந்தாலும் போதும், மாவு உள்ளே போய்விடும்.

பூசுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம், செலவில்லை. பதினெட்டு அங்குலச் சதுரத்துக்குத் தடிமனான பாலித்தீன் ஷீட் வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக ஒட்டி, பதினாறு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிரிக்கும்போது ஷீட்டின் அடியில் நீர் முத்துக் கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கருத்திருந்தாலோ எபாக்ஸியை மறந்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் செய்து பார்ப்பதுதான் நியாயமான சோதனை. ஏப்ரலில் எல்லாத் தரையும் பாஸாகிவிடும்.

ஈரம் இல்லை என்றாலும், ரோலரால் உருட்டும் மெல்லிய பூச்சு வேண்டாம். கிரைண்டரை நகர்த்தினாலே கீறல் விழும். தானாகப் பரவி மட்டமாகும் ரகத்தில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனம் வேண்டும். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் ஆறிய பிறகே பூச வேண்டும். பெரிய உணவு ஆலைகள் எபாக்ஸியையும் விட்டு பியூ கான்கிரீட்டுக்கு (பாலியூரிதேன் பிசின் கலந்த கான்கிரீட் பூச்சு) போய்விட்டன, காரணம் லாக்டிக் அமிலமும் கொதிநீரும் சாதாரண எபாக்ஸியைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கும். 120 சதுர அடிக்கு அந்த ஆட்களை வரவழைப்பது நடக்கிற காரியமில்லை.

டைல்ஸுக்கு வருவோம். சுவருக்கு ஒட்டும் செராமிக் டைல்ஸ் ஆகாது. முழு உடம்பும் ஒரே நிறமாக இருக்கும் விட்ரிஃபைட், 400க்கு 400 மில்லிமீட்டர், 12 மில்லிமீட்டர் கனம், மேட் ஃபினிஷ். கடையில் பார்க்கிங் டைல்ஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஆனால் அதில் பாதி வரிவரியாகப் பள்ளம் போட்டிருக்கும், அந்தப் பள்ளத்தில் மாவு காயும். வரி இல்லாததாகத் தேடி வாங்குங்கள். பெட்டியில் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குள் என்று இருக்க வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஐ.எஸ். 4457 என்ற இந்தியத் தரத்தில் வரும் ஆசிட் ப்ரூஃப் டைல்ஸ் இருக்கிறது. ரசாயன ஆலைத் தரைக்குப் போடுவது அது. மணலி, எண்ணூர் பக்கம் ஆலை வேலை பார்த்த மேஸ்திரி கிடைத்தால் அவரையே பிடித்துக்கொள்ளுங்கள், மீதி வேலையும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

டைல்ஸ் கெடாது. கெடுவது ஜாயிண்ட். வெள்ளை சிமென்டால் அடைத்தால் மேலே சொன்ன அமிலக் கதை அந்த மூன்று மில்லிமீட்டர் இடுக்கில் இன்னும் வேகமாக நடக்கும். தண்ணீர் அடியில் இறங்கும், தட்டினால் டைல்ஸ் டொக்கு டொக்கு என்று சத்தம் போடும், கரப்பான் குடியேறும். "டைல்ஸ் போட்டும் நாறுது" என்று சொல்கிற அறைகளில் குனிந்து ஜாயிண்டைப் பாருங்கள், ஆணி நுனி உள்ளே இறங்கும்.

எபாக்ஸி கிரவுட் ரெசின், ஹார்டனர், மணல் போன்ற ஃபில்லர் என்று மூன்று பொட்டலமாக வரும். நம் அறைக்கு மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் கணக்குப் போட்டால் மூன்றேகால் கிலோ ஆகும். சுவர் ஓரம், சேதாரம் சேர்த்து ஐந்து கிலோ பேக் ஒன்று சரியாக இருக்கும். சிமென்ட் கிரவுட்டைவிடப் பல மடங்கு விலை என்று மேஸ்திரி தயங்குவார். மொத்தத்தில் ஒரு டப்பாதான் என்று சொல்லிச் சம்மதிக்க வையுங்கள்.

அவர் பழக்கப்படி விட்டால் கெட்டுப்போகும் இடங்கள் சில. முழு டப்பாவையும் ஒரே தடவையில் கலந்துவிடுவார். வெயில் நாளில் அரை மணி நேரத்துக்குள் கல்லாகிவிடும், அதனால் ஒரு கிலோ அளவுக்குத் தராசில் நிறுத்து, பேக்கில் போட்டிருக்கும் விகிதம் மாறாமல், விடிகாலையிலேயே கலக்க வேண்டும். ஜாயிண்டில் சிமென்ட் பாலோ ஈரமோ இருக்கக் கூடாது. மேலாக இழுத்துவிடாமல் டைல்ஸின் முழு ஆழத்துக்கும் அழுத்தி இறக்க வேண்டும். மேலே படிந்த பிசினை, இறுகுவதற்கு முன் ஈர ஸ்பாஞ்சால் துடைத்தாக வேண்டும். நாளைக்குத் துடைக்கலாம் என்று விட்டால் அந்த வெள்ளைப் படலம் ஆயுசுக்கும் போகாது.

டைல்ஸுக்கு அடியில் பழைய தரையைக் கொத்தி, 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, மூன்று அங்குலக் கான்கிரீட் போட்டு, சுவரில் ஓர் அடி உயரம் வரை வாட்டர் ப்ரூஃபிங் இரண்டு கோட் அடிக்க வேண்டும். மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கும் பகுதி என்றால், குறிப்பாக வியாசர்பாடி, பட்டாளம், கொருக்குப்பேட்டை கால்வாய்ப் பக்கம், தரை மட்டத்தை முற்றத்தைவிட ஒன்பது அங்குலமாவது உயர்த்துங்கள். இதுதான் சந்தர்ப்பம், பிறகு முடியாது.

வாட்டம் அறுபதுக்கு ஒன்று. அதாவது பத்தடி நீளத்துக்கு இரண்டு அங்குல இறக்கம். நடு அறையில் ஓட்டை வைத்து நாலு பக்கமிருந்தும் வாட்டம் கொடுக்கச் சொல்வார்கள். அதற்கு டைல்ஸைக் குறுக்கே அறுக்க வேண்டும், ஜாயிண்ட் கூடும். ஒரே பக்கமாக இறக்கி, சுவர் ஓரமாக ஸ்டீல் சல்லடை போட்ட வாய்க்கால் வைப்பது சுலபம். அங்கிருந்து நான்கு அங்குலக் குழாய், வெளியே ஒரு சிறு தொட்டி, அதற்குள் தூக்கி எடுக்கிற வலைக்கூடை. அரிசி கழுவிய தண்ணீரின் கஞ்சி குழாய்க்குள் படிந்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். கூடையைத் தினமும் கொட்டிவிட்டால் அடைப்பு வராது. மழைக்காலத்தில் சாக்கடை எதிர்த்து வரும் தெருவானால் தண்ணீரைத் திரும்ப உள்ளே விடாத நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தரையானாலும் கழுவும் முறை ஒன்றுதான், பலர் தலைகீழாகச் செய்வதும் இதைத்தான். சிந்திய மாவின் மேல் எடுத்தவுடன் வெந்நீர் ஊற்றினால் ஸ்டார்ச் வெந்து பசையாகி ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீர், வைப்பரால் தள்ளல், பிறகு சோப்பும் பிரஷ்ஷும், மறுபடி தண்ணீர், கடைசியாகத் துடைத்து ஃபேன் போட்டுக் காயவிடுவது. மாவு காய்வதற்குள் செய்தால் கால் மணி நேர வேலை. கறை போகவில்லை என்று பாத்ரூம் ஆசிட்டைக் கையில் எடுக்காதீர்கள். ப்ளீச்சிங் பவுடர் போட்ட தரையில் அது பட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய ஷீட் அறையில் மூச்சே நின்றுவிடலாம்.

வருஷத்துக்கு ஒரு தடவை கிரைண்டரை நகர்த்தி, அதன் அடியில் இருக்கும் டைல்ஸை ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். சத்தம் மாறும் டைல்ஸைச் சுற்றியுள்ள ஜாயிண்டை அறுத்து, அந்த டைல்ஸை மட்டும் எடுத்துவிட்டு வேறு பதித்து, ஜாயிண்டைப் புதிதாக அடைத்தால் போதும். அதற்கென்று அதே பேட்ச் டைல்ஸ் ஆறேழு அட்டைப்பெட்டியிலேயே இருக்கட்டும். கிரவுட்டை மீத்து வைக்காதீர்கள், திறந்த ஹார்டனர் அடுத்த வருஷம் பயன்படாது.